வேகக் குழுவில் கடைசிவரை ஒட்டிக்கொள்வது எப்படி

முதல் வாரம் சைக்கிள் கிளப்பின் வேகக் குழுவிலிருந்து 11-வது கிலோமீட்டரில் கழன்றேன், அதாவது பின்தங்கித் தனியானேன். இரண்டாவது வாரம் 14. மூன்றாவது வாரம் மறுபடியும் 11, அதுவும் எதிர்காற்றே இல்லாத நாளில். ஏழாவது சனிக்கிழமைதான் 62 கிலோமீட்டரையும் குழுவோடு சேர்ந்து முடித்தேன். நடுவில் என் காலில் புதுப் பலம் ஒன்றும் ஏறிவிடவில்லை. தனியாக ஒரு மணி நேரம் முக்கி முனகி ஓட்டினால் 32 கிலோமீட்டர். முதல் வாரமும் அதே கணக்கு, ஏழாவது வாரமும் அதே கணக்கு.

மூன்றாவது வாரம் தனியாக உருட்டிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, குழுவின் மூத்தவர், வயது 61, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “தம்பி, நீங்க நல்லா மிதிக்கிறீங்க. ரொம்பவே மிதிக்கிறீங்க. அதான் பிரச்சனை” என்றார். அடுத்த வாரம் அவர் பின்னால் ஓட்டினேன். அவர் மிதிக்காமல் சும்மா உருளும் நேரம் எவ்வளவு என்று பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவரிடம் கற்றதையும் கீழே விழுந்து கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன். கிளப்பின் வேக ரைடுக்கு முதல்முறை போகிறவர்களுக்கும், போய்ப் போய்க் கழன்றுகொண்டே இருப்பவர்களுக்கும்.

போவதற்கு முன்

“எவ்வளவு வேகம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். சராசரியைச் சொல்வார்கள். சராசரி 34 என்றால் திருப்பம், சிக்னல், ஏற்றம் எல்லாம் சேர்ந்து கடைசியில் வந்து நிற்கும் எண் அது. நேரான சமதளத்தில் 38, 40 ஓடும். நான் 34 என்று கேட்டு, ‘இரண்டு கிலோமீட்டர்தானே அதிகம்’ என்று கிளம்பிப் போனவன்.

சமதளத்தில் எவ்வளவு ஓடும், பின்தங்குகிறவருக்காக நிற்பார்களா, நின்றால் எந்த இடத்தில் என்று கேளுங்கள். வேகக் குழுக்கள் பெரும்பாலும் நிற்காது. இதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் முழு வீச்சில் ஓட்டத்தான் அவர்கள் வருகிறார்கள். நாம்தான் வழியை மனப்பாடமாகவோ சைக்கிள் கம்ப்யூட்டரில் ஏற்றியோ வைத்துக்கொள்ள வேண்டும். கழன்ற பிறகு முதல் கூட்டுரோட்டில் நின்று எந்தப் பக்கம் என்று விழிப்பது கழன்றதைவிடப் பெரிய வேதனை. அந்த கிளப்பிலேயே மெதுவான குழு ஒன்று இருந்தால் நான்கு வாரம் அதில் ஓட்டுங்கள். கை சைகைகளும் அடுத்தவர் சக்கரத்தின் பின்னால் ஓட்டும் பழக்கமும் அங்கே பயமில்லாமல் வந்துவிடும்.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் இரவே பாருங்கள், காலையில் வேண்டாம். டயரில் வெட்டு இருக்கிறதா, பிரேக் கட்டையில் இன்னும் உயிர் இருக்கிறதா, ஹேண்டில்பாரின் இரு முனையிலும் மூடி இருக்கிறதா (திறந்த குழாய் முனை விழும்போது சதையைக் கத்தி மாதிரி வெட்டும்), பாட்டில் கூட்டில் இறுக்கமாக உட்கார்கிறதா. குழுவின் நடுவில் பாட்டில் ஒன்று உருண்டால் பின்னால் வரும் பத்துப் பேருக்கும் ஆபத்து. டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை காற்றை அடைப்பது பழைய வழக்கம். 28 மில்லிமீட்டர் டயருக்கும் 70 கிலோ ஆளுக்கும் 70 பிஎஸ்ஐ பக்கம் போதும், கரடுமுரடான சாலையில் பிடிப்பும் நன்றாக இருக்கும். டைம் டிரையல் (தனியாக நேரத்தோடு மோதும் பந்தயம்) ஓட்டுகிறவர்கள் முன்னால் நீட்டி மாட்டும் ஏரோபாரைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். அதில் கை வைத்திருந்தால் பிரேக்குக்கு எட்டாது. பெரும்பாலான குழுக்கள் உள்ளேயே விடமாட்டார்கள். டியூப் ஒன்று, டயர் கழற்றும் லீவர் இரண்டு, கைப்பம்பு, பஞ்சர் ஒட்டத் தெரிந்த கை. தலையில் ஹெல்மெட்.

காற்றுதான் எதிரி

மணிக்கு 38 கிலோமீட்டரில் சமதளத்தில் நீங்கள் செலவழிக்கும் பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் போகிறது. அந்தச் செலவு வேகத்தோடு நேர்க்கணக்கில் ஏறாது, வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். 32-இலிருந்து 38-க்குப் போனால் வேகம் கூடுவது 19 சதவீதம், காற்றுக்குக் கொடுக்கும் பலம் கூடுவது 67 சதவீதம். தனியாக அது என்னால் ஆகாத காரியம். ஆனால் ஒருவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் போனால் செலவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ மிச்சமாகும். அப்போது 38 என்பது நான் தனியாக 32 ஓட்டும் சிரமத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். முழு ரகசியமும் அவ்வளவுதான். 2018-இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் பெர்ட் பிளாக்கன் என்ற பேராசிரியரின் குழு 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தை காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் வைத்துப் பார்த்தது. நடுவிலிருந்து பின்பகுதி வரை பத்திரமாக இருக்கும் வீரர் மேல் படும் காற்றுத் தடை, தனியாக ஓட்டுகிறவர் மேல் படுவதில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தானாம். நம் 15 பேர் குழுவில் அந்தச் சொகுசு கிடைக்காது என்றாலும், எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது புரிகிறது அல்லவா?

இப்போது இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். குழு 38-இல் ஓடுகிறது. உங்களுக்கும் முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கும் நடுவே 10 மீட்டர் விழுந்துவிட்டது. 10 வினாடியில் அதை மூட வேண்டுமென்றால் நீங்கள் கிட்டத்தட்ட 42-இல் ஓட வேண்டும், அதுவும் யாருடைய மறைவும் இல்லாமல். 32 ஓட்டுகிற காலால் அது ஒரு முறை முடியும், இரண்டு முறை முடியும். மூன்றாவது முறை முடியாது. முதல் மூன்று வாரமும் நான் கழன்றது இப்படித்தான். வேகம் தாங்காமல் கழன்றதாக நினைத்தேன். உண்மையில் சின்னச் சின்ன இடைவெளிகளை மூடி மூடிக் காலியாகியிருந்தேன். இடைவெளி ஒரு மீட்டராக இருக்கும்போதே இரண்டு மிதி கூடப் போட்டால் முடிந்தது. “ஒரு மீட்டர் தானே” என்று விட்டால் அது மூன்றாகும், மூன்று எட்டாகும்.

எங்கே நிற்பது, யார் பின்னால் போவது

புதிதாக வருகிறவர்கள் அடக்கமாகக் கடைசியில் போய் நிற்பார்கள். தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் மிகக் கஷ்டமான இடம் அதுதான். திருப்பத்தில் முன்னால் போகிறவர் 28-க்குக் குறைத்து, வளைந்து, உடனே 38-க்கு ஏறிவிடுவார். கடைசியில் இருப்பவர் அதற்குள் 22-க்கு இறங்கியிருப்பார். முன்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி முடித்த பிறகுதான் அவருக்கு வழி திறக்கும். அப்போது குழு நீண்டு போயிருக்கும், அவர் 44-இல் துரத்த வேண்டும். ஆர்மோனியத் துருத்தி விரிந்து சுருங்குவது மாதிரி, ஒவ்வொரு திருப்பத்திலும் இது நடக்கும். எங்கள் வழியில் 23 திருப்பங்கள். கடைசியில் இருந்தால் 23 ஸ்பிரின்ட். ஐந்தாவது, ஆறாவது ஆளாக இருங்கள்; 15 பேரில் அதுதான் சுகமான இடம்.

யார் சக்கரம் என்பதும் முக்கியம். அகன்ற தோள் உள்ளவர் கிடைத்தால் புண்ணியம். அதைவிட முக்கியம், சீராக மிதிக்கிறவராக இருக்க வேண்டும். சிலர் நான்கு மிதி மிதித்துவிட்டு நிறுத்துவார்கள், மறுபடி நான்கு மிதி, மறுபடி நிறுத்தம். அவர்கள் பின்னால் போனால் நீங்களும் பிரேக், மிதி, பிரேக், மிதி என்று அல்லாட வேண்டும். பத்து நிமிடம் எல்லோருடைய இடுப்பையும் கவனியுங்கள். ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கும் இடுப்பு எதுவோ, அதன் பின்னால் போய்ச் சேருங்கள். எங்கள் மூத்தவரின் இடுப்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவருடையது மாதிரி இருக்கும்.

தூரம் முதலில் ஒரு மீட்டர் வையுங்கள், பழகப் பழக அரை மீட்டர். அதற்குக் குறைவாக வைப்பது வீரம் காட்டத்தான் உதவும். கண் முன்னால் போகிறவரின் டயரில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. முன்னால் இருப்பவரின் தோளைத் தாண்டி அவருக்கு முன்னால் உள்ளவரைப் பாருங்கள். டயர் கண்ணின் ஓரத்தில் இருந்தால் போதும். இரண்டு ஆள் தள்ளி ஒருவர் மிதிப்பதை நிறுத்தியதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வேகம் குறைக்க வேண்டுமா? முதலில் மிதியைத் தளர்த்துங்கள், அப்புறம் உடம்பை நிமிர்த்திக் கொஞ்சம் காற்று வாங்குங்கள். அதற்கும் மேல் தேவைப்பட்டால் மட்டும் பிரேக்கை ஒரு விரலால் வருடுங்கள். சடக்கென்று பிடித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருகிறவர் உங்கள் மேல் இருப்பார்.

இனி, நான் விழுந்த கதை. நான்காவது வாரம், 30-வது கிலோமீட்டர் பக்கம், நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நிம்மதியில் என் முன்சக்கரம் முன்னால் இருந்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் நுழைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் ஒரு கல்லைத் தவிர்க்க உள்ளங்கை அகலம் நகர்ந்தார். ட்ர்ர்ர் என்று ஒரு சத்தம், ரப்பரும் ரப்பரும் உரசும் சத்தம். பயத்தில் ஹேண்டிலை வெளிப்பக்கம் இழுத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது சாலையின் தார், கண்ணுக்கு மிக அருகில். முன்னால் போனவர் ஆடக்கூட இல்லை. பின்சக்கரம் தட்டுப்பட்டவர் பெரும்பாலும் தப்பித்துவிடுவார், முன்சக்கரம் தட்டுப்பட்டவர்தான் விழுவார், ஏனென்றால் சமநிலையைக் காப்பாற்றும் திருப்பம் முழுவதும் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. தட்டிவிட்டால் பதறி வெளியே இழுக்காமல் அந்தச் சக்கரத்தின் மேலேயே லேசாகச் சாய்ந்து, மெல்லப் பின்வாங்க வேண்டும் என்பார்கள். அது செய்யக்கூடியதுதான், ஆனால் அந்த அரை வினாடியில் நினைவுக்கு வராது. சக்கரத்தை உள்ளே விடாமலே இருப்பது சுலபம். விழுந்ததில் முழங்கை தேய்ந்தது, பின்னால் வந்த இரண்டு பேர் புல்தரையில் இறங்கித் தப்பித்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். “அடுத்த வாரம் வருவீங்கல்ல?” என்று மட்டும் கேட்டார்கள்.

எழுந்து நின்று மிதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டிலிருந்து எழும் அந்தக் கணத்தில் மிதி ஒரு நொடி தளரும். சைக்கிள் ஒரு சாண் பின்னால் வரும், அதாவது பின்னால் வருகிறவரின் சக்கரத்துக்குள். ஒரு கியரை இறுக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு மிதியை அழுத்தமாகக் கொடுத்துக்கொண்டே எழுந்திருங்கள்.

உங்கள் முறை வரும்போது

குழு இரண்டு வரிசையாகச் சுழலும். ஒரு வரிசை முன்னேறும், முன்னால் போனவர் பக்கத்து வரிசைக்கு ஒதுங்கி மெல்லப் பின்னால் வருவார். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்: காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம். பின்வாங்கும் வரிசை முன்னேறும் வரிசைக்குத் திரையாக நிற்கும்.

முன்னால் வந்ததும் எல்லோருக்கும் ஒரு பேய் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. இவ்வளவு நேரம் மறைவில் இருந்த கால் துள்ளும், பின்னால் பதினான்கு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வேறு. 37 ஓடிக்கொண்டிருந்த குழுவை நான் 41-க்கு இழுத்தேன். பின்னாலிருந்து “மெதுவா! மெதுவா!” என்று கத்தல். ஒதுங்கிய ஆள் நான் ஏற்படுத்திய இடைவெளியில் திணறினார். முன்னால் வருவதற்குச் சற்று முன் வேகத்தைப் பார்த்துவிடுங்கள். முன்னால் வந்த பிறகும் அதே எண் இருக்க வேண்டும். முறுக்கக் கூடாது. இருபது முப்பது வினாடி போதும். பெரிய ஆட்கள் இரண்டு நிமிடம் இழுப்பார்கள், அதைப் பார்த்து நாமும் இழுக்க வேண்டியதில்லை. களைப்பாக இருந்தால் முன்னால் வந்ததும் உடனே முழங்கையை ஆட்டி, ‘நீங்கள் வாருங்கள்’ என்று சைகை காட்டிவிட்டு ஒதுங்குங்கள். ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். நீண்ட நேரம் இழுத்துவிட்டுக் கழன்று போனால்தான் சிரிப்பார்கள்.

ஒதுங்கிய பிறகுதான் உண்மையான ஆபத்து. கடமை முடிந்தது என்று கால் தளரும். மிதி நிற்கும், கை பாட்டிலுக்குப் போகும். முன்னேறும் வரிசை பக்கத்தில் கடந்துகொண்டே இருக்கும், திடீரென்று கடைசி ஆளும் கடந்துவிடுவார். அப்போது நீங்கள் 34-இல், அவர் 38-இல். அந்தக் கடைசிச் சக்கரத்தைப் பிடிக்க முடியாமல் கழல்கிறவர்கள்தான் அதிகம். ஒதுங்கியதும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் குறையுங்கள். எத்தனை பேர் கடக்க வேண்டும் என்று எண்ணி வையுங்கள். கடைசிக்கு முந்தின ஆளின் பெடல் உங்கள் பக்கத்துக்கு வரும்போதே வேகத்தை ஏற்றத் தொடங்குங்கள், அவர் பின்னால் வருகிறவரின் சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு சேர்ந்துவிடலாம். எங்கள் குழுவில் கடைசி ஆள் கடக்கும்போது “கடைசி!” என்று குரல் கொடுப்பார். அந்தச் சொல் எனக்கு எத்தனையோ தடவை உயிர் கொடுத்திருக்கிறது. தண்ணீரும் தின்பதும் சக்கரத்தைப் பிடித்த பிறகு.

பக்கக் காற்றும் ஏற்றமும்

காற்று பக்கவாட்டில் அடித்தால் நேர் பின்னால் மறைவு கிடைக்காது. காற்று இடமிருந்து வந்தால் முன்னவருக்குச் சற்று வலப்பக்கம் பின்னால் இருக்க வேண்டும். எல்லோரும் அப்படி நின்றால் குழு சாலையில் சாய்கோடாக விரியும். சாலை அகலம் முடிந்ததும் இடம் தீர்ந்துவிடும். அடுத்து வருகிறவர் ஓரத்தில் மறைவே இல்லாமல் தொங்குவார். அங்கே தொங்கிக்கொண்டிருக்காமல் பின்னால் வருகிற நாலைந்து பேரைச் சேர்த்து இரண்டாவது சாய்கோட்டைத் தொடங்குங்கள். வண்டிகள் ஓடும் சாலையில் இதையெல்லாம் நம் தடத்துக்குள் மட்டும்தான் செய்ய வேண்டும், எதிர்த் தடம் பந்தயக்காரர்களுக்குச் சாலை அடைத்துக் கொடுக்கும்போது மட்டும்.

ஏற்றத்தில் மறைவு அவ்வளவு உதவாது, உடல் எடைதான் பேசும். இலேசான ஆட்கள் பறப்பார்கள். என் போல் 82 கிலோ இருந்தால் ஏற்றம் தொடங்கும் முன்பே குழுவின் முன்பகுதிக்கு வந்துவிடுங்கள். உங்கள் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில் ஏறுங்கள். ஒவ்வொருவராக உங்களைக் கடந்து போவார்கள், போகட்டும். உச்சிக்கு வரும்போது நீங்கள் குழுவின் வாலில் இருப்பீர்கள், ஆனால் குழுவுக்குள் இருப்பீர்கள். உச்சியில் ‘அப்பாடா’ என்று மிதியைத் தளர்த்தாதீர்கள். முன்னால் போகிறவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள், அந்த இருபது மிதியில்தான் பலர் கழல்கிறார்கள்.

சத்தம் போடுங்கள். “பள்ளம்!”, “மண்ணு!”, “நிறுத்து!”, “பின்னால வண்டி!” என்று முன்னால் வருவதைப் பின்னாலும் பின்னால் வருவதை முன்னாலும் கடத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை காட்டுவது நல்லது, ஆனால் 40-இல் குண்டும் குழியுமான இடத்தில் இரண்டு கையும் ஹேண்டிலில்தான் இருக்க வேண்டும், வாய் போதும். பள்ளத்தைக் கடைசி நிமிடத்தில் தாண்டிக் குதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் இருப்பவருக்குப் பள்ளம் அப்படியே பரிசாகக் கிடைக்கும்.

இரண்டு மணி நேர ரைடுக்கு இரண்டு பாட்டில், அரை மணிக்கு ஒரு முறை ஏதாவது வாயில். மணிக்கு 60 கிராம் வரை மாவுச்சத்து இறங்கினால் போதும். பசி தெரிந்த பிறகு தின்றால் அது இறங்கி வேலை செய்வதற்குள் குழு போய்விட்டிருக்கும்.

கழன்றுவிட்டால்

கழலப் போகிறீர்கள் என்று தெரிந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, ஓரமாக ஒதுங்கி, பின்னால் வருகிறவர்களை முன்னே போக விடுங்கள். சொல்லாமல் இடைவெளி விட்டால் உங்களோடு பின்னால் இருப்பவர்களும் கழல்வார்கள். இந்தப் பாவத்தை நான் இரண்டாவது வாரம் செய்தேன், மூன்று பேர் என்னோடு மாட்டிக்கொண்டார்கள். என்ன ஆனீர்களோ என்று குழுவில் இருப்பவர்கள் கவலைப்படாமல் இருக்க, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு தகவல் அனுப்புங்கள்.

திரும்பிப் பாருங்கள், நீங்கள் மட்டும் கழன்றிருக்க மாட்டீர்கள். நான்காவது வாரம் விழுந்தபின் சைக்கிளைத் தட்டி நிமிர்த்திக் கிளம்பினேன். சாலையில் இன்னொருவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் நான், ஒரு நிமிடம் அவர் என்று மாறி மாறி முன்னால் போனோம். 33-இல் ஓடியது. பேசிக்கொள்ளக்கூட மூச்சில்லை, முழங்கையை ஆட்டி ஆட்டியே மிச்சம் 30 கிலோமீட்டரையும் முடித்தோம். என் முழங்கையில் ரத்தம் வருவதைக் கடைசியில்தான் அவர் பார்த்தார்.